கடன் தள்ளுபடியும் வருமான வரியும்: அமெரிக்க விவசாயிகளுக்குள்ள சட்டம்

கடன் கொடுத்தவர் பாக்கியைத் தள்ளிக் கொடுத்துவிட்டால் விவகாரம் அத்துடன் தீர்ந்ததென்று விவசாயிகள் எண்ணுவது இயல்பு. அமெரிக்க ஐக்கிய நாடுகளில் அவ்வாறு எண்ணி வாளாவிருப்பவர் நஷ்டமடைய நேரும். தள்ளிக் கொடுக்கப்பட்ட தொகை பொதுவாக அவ்வருஷத்திய வருமானமாகவே கொள்ளப்படுகிறது. 1931-ம் வருஷத்தில் கெர்பி லம்பர் கம்பெனி வழக்கில் அந்நாட்டுச் சுப்ரீம் கோர்ட்டு இக்கொள்கையை ஊர்ஜிதம் செய்தது.

பாங்கி முதலிய ஸ்தாபனங்கள் 600 டாலரும் அதற்கு மேலும் தள்ளுபடி செய்யுமிடத்து, 1099-ஸி என்னும் நமூனாவைக் கடனாளிக்கும் வரி இலாகாவுக்கும் அனுப்புதல் வேண்டும். ஆகையால் விஷயம் இலாகாவுக்குத் தெரியாமற் போவதில்லை.

ஆயினும், ஆஸ்திக்கு மேல் கடன்பட்டவருக்குச் சட்டம் பரிகாரம் அளிக்கிறது. தள்ளுபடிக்குச் சற்று முன்பு மொத்தக் கடன் மொத்த ஆஸ்தியின் மார்க்கெட் மதிப்பை எவ்வளவு மிஞ்சியிருந்ததோ, அவ்வளவு தொகை வருமானத்தில் சேராது. உதாரணமாக, ஒருவருக்கு ஆஸ்தி 90,000 டாலர், கடன் 1,20,000 டாலர் என்க. அவருக்கு 50,000 டாலர் தள்ளுபடியானால் 30,000 டாலர் விலக்குப் பெறும். மிச்சம் 20,000 டாலர் வருமானமாகும். கடன்காரர் கைவைக்க முடியாத ஓய்வுக்கால நிதியும் ஆஸ்திக் கணக்கில் சேரவேண்டும்.

இவ்விலக்கைக் கோருவோர் 982-ம் நம்பர் நமூனாவைப் பூர்த்தி செய்து, அவ்வருஷத்திய வருமான வரிக் கணக்குடன் தாக்கல் செய்யவேண்டும். அதைச் செய்யாதவரிடம், 1099-ஸியில் கண்ட முழுத்தொகைக்கும் இலாகா வரி கேட்கக்கூடும்.

விவசாயிகளுக்கு 1986-ம் வருஷத்துச் சட்டம் மற்றொரு சலுகையும் தந்தது. முந்திய மூன்று வருஷங்களின் மொத்த வரவில் பாதியேனும் விவசாயத்தினின்று வந்திருந்து, கடனும் விவசாயத் தொழிலுக்காகவே வாங்கப்பட்டிருப்பின், மேற்சொன்ன மிச்சத்துக்கும் சில வரம்புகளுக்குட்பட்டு விலக்குக் கிடைக்கலாம். நிலத்தை விற்றவருக்கே சேரவேண்டிய விலைப் பாக்கிக்கு இது பொருந்தாது.

விலக்கு முற்றிலும் இனாமன்று. விலக்குப் பெற்றவரின் முன் வருஷத்து நஷ்டக் கணக்கும், பிறகு நிலம், கருவிகள் முதலியவற்றின் வரிக்கணக்கு முதலும் சட்டம் குறித்த வரிசைப்படி குறைக்கப்படும். ஆகவே நிலத்தைப் பின்னர் விற்குங்கால் லாபம் அதிகமாகக் கணக்காகும்; வரியும் அப்போது ஏறும்.

எனவே அந்நாட்டு விவசாயி முக்கியமாகச் செய்யவேண்டுவது யாதெனில், தள்ளுபடிக்கு முந்திய நிலைமைப்படி நிலம், கால்நடை, இயந்திரம், ரொக்கம், கடன் யாவற்றுக்கும் ஒரு ஜாபிதா எழுதி, மதிப்புக்கான அத்தாட்சிகளுடன் பத்திரப்படுத்துவதேயாம். விலக்குக்கு ஆதாரம் அந்த ஜாபிதாவே.