மாத்தாங் காட்டின் நீலக் கனிகள்

லண்டன் க்யூ தாவரவியல் பூங்காவில் ஒரு செங்கல் கட்டடம். உள்ளே போனால் சுவரே தெரியாது. கீழ்ப்பகுதி முழுக்க 246 வகை மரங்களின் பலகைகள். அதற்கு மேலே, இடைவெளி விடாமல், 832 எண்ணெய் வண்ண ஓவியங்கள். வரைந்தவர் ஒரே பெண். பெயர் மரியான் நார்த். 1882-ல் கட்டடத்தையும் தன் செலவிலேயே கட்டிக்கொடுத்தார்.

அந்த நெரிசலில் ஒரு சிறிய படத்தை மட்டும் இந்த வாரம் பார்ப்போம். 1876-ல் போர்னியோ தீவின் சரவாக்கில், மாத்தாங் காட்டுச் செடிகளை வைத்து வரைந்தது. அதில் ஒரு செடியில் கொத்தாக நீலக் கனிகள். கண்ணை அங்கேயே நிறுத்திவிடும் நீலம். அது என்ன செடி என்று நெடுங்காலம் யாராலும் உறுதியாகச் சொல்ல முடியவில்லை.

மரியான் 1830-ல் ஹேஸ்டிங்ஸ் நகரில் பிறந்தவர். தந்தை நாடாளுமன்ற உறுப்பினர். மகளுக்கு அவர்தான் உலகம். 1869-ல் அவர் இறந்தபோது மரியானுக்கு நாற்பதை நெருங்கும் வயது. திருமணம் செய்துகொள்ளவில்லை. வண்ணக் குழாய்களோடு கிளம்பிவிட்டார்: ஜமைக்கா, பிரேசில், ஜப்பான், போர்னியோ, ஜாவா, இலங்கை, இந்தியா. பிறகு டார்வின் சொன்னதைக் கேட்டு ஆஸ்திரேலியா. இந்த ஊர்ப் பட்டியலை வைத்து அவரைச் சாகசக்காரியாக மட்டும் கொண்டாடுகிறார்கள். எனக்கு அதைவிட, அவர் எண்ணெய் வண்ணத்தை எடுத்ததுதான் பெரிய துணிச்சலாகப் படுகிறது.

அன்றைய தாவர ஓவியத்துக்கு ஓர் இலக்கணம் இருந்தது. வெள்ளைத் தாள், நீர்வண்ணம், நடுவில் தனியாக ஒரு செடி, ஓரத்தில் அறுத்துக் காட்டிய பூவும் விதையும். மரியான் அதை ஏற்கவில்லை. செடியின் பின்னால் அதன் மலையை வைத்தார், பக்கத்தில் அதோடு வளரும் செடிகளை வைத்தார், சில படங்களில் அதைத் தேடி வரும் பறவையையும் பூச்சியையும் வைத்தார். வண்ணத்தை அடர்த்தியாகப் பூசினார். கலை விமர்சகர்களுக்கு அந்த நிறங்கள் கூச்சலாகத் தோன்றின. வெப்பமண்டல மதிய வெயிலில் ஒரு செம்பருத்தியைப் பார்த்தவர்கள் அப்படிச் சொல்ல மாட்டார்கள்.

நிறம் இங்கே அலங்காரம் அல்ல. செடியைப் பறித்து, அழுத்தி, உலர்த்தித் தாளில் ஒட்டி வைப்பதுதான் தாவரவியலாளர் வழக்கம். வடிவம் அப்படியே நிற்கும். நிறம் மங்கிப் பழுப்பேறும். நீலக் கனி நீலமாக இருந்ததற்கு உலர்ந்த செடியில் சாட்சி இருக்காது. மரியானின் அட்டையில் இருந்தது.

க்யூவில் பணியாற்றிய தாவர ஓவியர் தியான்யி யூ அந்தச் சாட்சியை விடாமல் பின்தொடர்ந்தார். 1973-ல் அதே மாத்தாங் பகுதியில் சேகரித்த ஓர் உலர்செடி க்யூவின் தொகுப்பிலேயே கிடந்தது. படத்தோடு ஒப்பிட்டார், பொருந்தியது. அதுவரை அறிவியல் பெயரிடாத புதிய இனம். காபியும், நம்மூர் வெட்சியும் நுணாவும் சேர்ந்த அதே குடும்பம். 2021-ல் பெயர் சூட்டினார்கள்: ‘சசாலியா நார்த்தியானா’. வரைந்து முடித்து 145 ஆண்டுகள் ஆகியிருந்தன. ஓர் ஓவியரின் கண் விட்டுச்சென்றதை இன்னோர் ஓவியரின் கண்தான் பிடித்தது என்பதில் எனக்குத் தனி மகிழ்ச்சி.

அதே சரவாக்கில் அவர் வரைந்த ஒரு குடுவைத் தாவரத்துக்கு இவ்வளவு தாமதம் நேரவில்லை. படத்தை லண்டனில் பார்த்த நாற்றுப்பண்ணை உரிமையாளர் ஹாரி வீச், செடியைத் தேடிப் போர்னியோவுக்கு ஆளையே அனுப்பிவிட்டார். 1881-ல் அதற்கும் மரியானின் பெயரே வந்தது: ‘நெப்பந்தஸ் நார்த்தியானா’.

சரவாக்கில் அவர் தங்கியது வெள்ளைக்கார ராஜா புரூக்கின் விருந்தாளியாக. சென்ற இடமெல்லாம் ஆளுநர் மாளிகைகள் அவருக்குத் திறந்தன என்பதை மறைத்து இந்தக் கதையைச் சொல்லக் கூடாது. காட்டில் வழி காட்டியவர்கள், சுமை தூக்கியவர்கள், செடியைப் பறித்து வந்தவர்கள் பலரின் பெயர் எந்தச் செடிக்கும் வரவில்லை.

1877-ல் மரியான் இந்தியா வந்தார். மதுரையைப் பார்த்துவிட்டுத் தஞ்சாவூர் போனார். அரண்மனை நூலகச் சுவடிகளுக்குப் பட்டியல் தயாரித்த நீதிபதி பர்னெலை அங்கே சந்தித்தார். இந்துக்கள் புனிதமாகக் கருதும் செடிகளை வரைவது பற்றி அவர்களுக்குள் பேச்சு எழுந்தது. அந்தத் தஞ்சைப் பயணம் அடுத்த வாரம்.