எஸ்கியூஎல் ஸ்லாமர்

எஸ்கியூஎல் ஸ்லாமர் என்பது 2003 சனவரி 25 அன்று இணையத்தில் பரவிய ஒரு கணினிப் புழு ஆகும். இது சஃபையர் என்ற பெயராலும் அறியப்படுகிறது. மைக்ரோசாப்ட் நிறுவனத்தின் எஸ்கியூஎல் சர்வர் 2000 என்ற தரவுத்தள மென்பொருளிலும், அதன் சிறிய வடிவமான எம்எஸ்டிஈ 2000 என்ற மென்பொருளிலும் இருந்த ஒரு வழுவைப் பயன்படுத்தி இப்புழு பரவியது. பாதிப்புக்கு உள்ளாகக்கூடிய நிலையில் இருந்த கணினிகளில் ஏறத்தாழ 90 விழுக்காட்டை இது 10 நிமிடங்களுக்குள் தொற்றியது. இவ்வழுவைச் சரிசெய்யும் பாதுகாப்பு ஒட்டு (பேட்ச்) ஆறு மாதங்களுக்கு முன்னரே வெளியிடப்பட்டிருந்தது என்பதே இந்நிகழ்வைக் குறிப்பிடத்தக்கதாக ஆக்குகிறது.

புழுவின் பெயர் சற்றுப் பிழையான எண்ணத்தைத் தரக்கூடியது. எஸ்கியூஎல் என்பது தரவுத்தளங்களிடம் வினவப் பயன்படும் மொழியின் பெயர். இப்புழு அம்மொழியில் ஒரு சொல்லைக்கூடப் பயன்படுத்தவில்லை. தரவுத்தளத்தினுள் இருந்த அட்டவணைகள் எதையும் படிக்கவோ மாற்றவோ இல்லை. தரவுத்தள மென்பொருளின் வாயிற்கதவில் இருந்த ஒரு சிறு சேவையே அதற்குப் போதுமானதாக இருந்தது.

வழு

எஸ்கியூஎல் சர்வர் 2000 பதிப்பில், ஒரே கணினியில் பல தரவுத்தள வழங்கிகளைத் தனித்தனிப் பெயர்களுடன் இயக்கும் வசதி அறிமுகப்படுத்தப்பட்டது. இவை ஒவ்வொன்றும் வெவ்வேறு போர்ட் எண்ணில் இயங்கும். எனவே, குறிப்பிட்ட பெயருடைய வழங்கி எந்த எண்ணில் உள்ளது என்று வெளியிலிருந்து கேட்பவருக்கு விடை கூற ஒரு சேவை தேவைப்பட்டது. அச்சேவை யூடிபி நெறிமுறையில் 1434ஆம் போர்ட்டில் காத்திருக்கும். பெரிய அலுவலகம் ஒன்றின் வாசலில் அமர்ந்து, எந்தப் பிரிவு எந்த அறையில் உள்ளது என்று சொல்லும் பணியாளரை இதற்கு ஒப்பிடலாம்.

இச்சேவைக்கு வரும் செய்தியின் முதல் பைட்டின் மதிப்பு 4 ஆக இருந்தால், அதனைத் தொடர்ந்து வரும் எழுத்துகளைக் கொண்டு விண்டோஸ் பதிவகத்தில் தேடவேண்டிய ஒரு பெயரை மென்பொருள் உருவாக்கும். அப்பெயரை எழுதுவதற்கு நினைவகத்தில் குறிப்பிட்ட அளவு இடமே ஒதுக்கப்பட்டிருந்தது. வரும் எழுத்துகள் அவ்விடத்தில் அடங்குமா என்று நிரல் சோதிக்கவில்லை. நீளமான செய்தி வந்தால் அது ஒதுக்கிய இடத்தைக் கடந்து, நிரல் அடுத்து எங்கே செல்லவேண்டும் என்ற குறிப்பு இருந்த இடத்தின் மீதும் எழுதப்பட்டுவிடும். இவ்வகை வழு இடையக வழிவு எனப்படும். அக்குறிப்பைத் தான் விரும்பியவாறு மாற்றி எழுதுபவர், தாம் அனுப்பிய செய்தியையே கட்டளைகளாக இயங்கச் செய்யலாம். இதற்குப் பயனர் பெயரோ கடவுச்சொல்லோ தேவையில்லை. கடவுச்சொல் கேட்கப்படும் நிலைக்கு முன்னரே தாக்குதல் முடிந்துவிடும்.

இவ்வழுவைக் கண்டறிந்தவர் பிரித்தானியப் பாதுகாப்பு ஆய்வாளரான டேவிட் லிட்ச்ஃபீல்ட். அவர் மைக்ரோசாப்டுக்கு அறிவித்ததை அடுத்து, 2002 சூலை 24 அன்று எம்எஸ்02-039 என்ற அறிக்கையுடன் ஒட்டு வெளியிடப்பட்டது. அதற்குச் சில நாட்களின் பின் லாஸ் வேகாசில் நடைபெற்ற பிளாக் ஹாட் மாநாட்டில் லிட்ச்ஃபீல்ட் தமது செயல்விளக்க நிரலை வெளியிட்டார். புழுவை எழுதியவர் அந்நிரலையே மாதிரியாகக் கொண்டிருந்தமை பின்னர் தெரியவந்தது. நிர்வாகிகளை விழிப்படையச் செய்வதற்காக இத்தகைய நிரல்களை வெளியிடுவது சரியா என்ற விவாதம் பாதுகாப்பு ஆய்வாளர்களிடையே இதனால் மீண்டும் எழுந்தது. லிட்ச்ஃபீல்ட் தாமே தமது வழக்கத்தை மறுபரிசீலனை செய்யவேண்டியுள்ளதாக வெளிப்படையாக எழுதினார்.

பரவிய வேகம்

புழுவின் மொத்த அளவு 376 பைட்டுகள். யூடிஎஃப்-8 ஒருங்குறியில் ஒவ்வொரு தமிழ்க் குறியீட்டுக்கும் 3 பைட்டுகள் தேவைப்படுவதால், இவ்வளவு இடத்தில் தமிழில் ஓரிரு வாக்கியங்களை மட்டுமே எழுதமுடியும். முகவரி முதலிய தலைப்பகுதிகளையும் சேர்த்தால் 404 பைட்டுகள் ஆகும். முழுப் புழுவும் ஒரே பொதியில் அடங்கிவிட்டது.

இதன் விளைவைப் புரிந்துகொள்ள, யூடிபி, டிசிபி ஆகிய இரு நெறிமுறைகளுக்கும் உள்ள வேறுபாட்டை அறியவேண்டும். டிசிபி ஒப்புகை அட்டையுடன் கூடிய பதிவுத் தபாலைப் போன்றது. மறுமுனையிலிருந்து விடை வந்த பின்னரே தரவு செல்லும். யூடிபி அஞ்சலட்டையைப் போன்றது. எழுதிப் பெட்டியில் போட்டுவிட்டால் வேலை முடிந்தது. 2001இல் பரவிய கோட் ரெட் புழு டிசிபியைப் பயன்படுத்தியதால் ஒவ்வொரு முயற்சியிலும் விடைக்காகக் காத்திருக்க வேண்டியிருந்தது. ஸ்லாமர் காத்திருக்கவில்லை. கணினியின் இணைப்பு எவ்வளவு பொதிகளைத் தாங்குமோ அவ்வளவையும் இடைவிடாது அனுப்பியது.

புழு செய்த வேலை எளிமையானது. சமவாய்ப்பு முறையில் ஓர் இணைய முகவரியை உருவாக்கும், அதற்குத் தன் நகலை அனுப்பும், மீண்டும் தொடங்கும். உலகநேரம் 05:30க்குச் சற்று முன்னர் இது பரவத் தொடங்கியது. முதல் நிமிடத்தில் தொற்றிய கணினிகளின் எண்ணிக்கை ஒவ்வொரு 8.5 நொடிக்கும் இரு மடங்கானது. கோட் ரெட் இரு மடங்காக ஏறத்தாழ 37 நிமிடங்கள் எடுத்துக்கொண்டது. ஏறக்குறைய மூன்று நிமிடங்களில் எல்லா நகல்களும் சேர்ந்து நொடிக்கு 5.5 கோடி முகவரிகளுக்கு மேல் முயன்றுகொண்டிருந்தன. அன்றைய இணைய முகவரிகளின் உச்ச எண்ணிக்கையே சுமார் 430 கோடி என்பதை இங்கு நினைவிற்கொள்ளலாம். இதன் பின்னர் வேகம் குறைந்ததற்கு எவரும் தடுத்தது காரணமன்று. இணையத்தின் இணைப்புகள் நிரம்பிவிட்டதால் புழு தன் வழியைத் தானே அடைத்துக்கொண்டது. பத்து நிமிடங்களில் மனிதர் எவரும் கூடிப் பேசி முடிவெடுக்க இயலாது என்பதால், இதற்குப் பின்னர் வலையமைப்புப் பாதுகாப்பில் தானியங்கித் தடுப்பு முறைகள் பற்றிய ஆய்வு வலுப்பெற்றது.

குறைந்தது 75,000 கணினிகள் தொற்றுக்கு உள்ளாயின. கோட் ரெட் தொற்றிய சுமார் 3,59,000 கணினிகளோடு ஒப்பிட்டால் இது சிறிய எண்ணே. புழுவின் சமவாய்ப்பு எண் உருவாக்கத்தில் எழுதியவர் செய்த பிழைகளும் இருந்தன. அவற்றால் ஒவ்வொரு நகலும் சில முகவரிகளை ஒருபோதும் அடையமுடியாதிருந்தது. அப்பிழைகள் பரவலைப் பெரிதும் தடுக்கவில்லை.

விளைவுகள்

ஸ்லாமர் கோப்புகளை அழிக்கவில்லை. வன்தட்டில் எதையும் எழுதவுமில்லை. நினைவகத்தில் மட்டுமே இருந்ததால் கணினியை நிறுத்தித் தொடங்கினாலே மறைந்துவிடும். ஆனால் ஒட்டு இடாமல் மீண்டும் இணையத்தில் இணைத்தால் சில நிமிடங்களில் திரும்பவும் தொற்றிக்கொள்ளும். சேதம் முழுவதும் நெரிசலால் ஏற்பட்டது.

தென்கொரியா கடுமையாகப் பாதிக்கப்பட்டது. அங்கு அப்போது சனிக்கிழமைப் பிற்பகல். பெயர் வழங்கிகள் செயலிழந்ததால் நாடெங்கும் இணையச் சேவை பல மணிநேரம் தடைப்பட்டது. அமெரிக்காவில் பேங்க் ஆஃப் அமெரிக்கா வங்கியின் சுமார் 13,000 தானியங்கிப் பணப்பொறிகளில் பெரும்பாலானவை பணம் வழங்க இயலாத நிலையை அடைந்தன. கான்டினென்டல் விமான நிறுவனத்தின் சில பயணங்கள் தாமதமாயின; சில நீக்கப்பட்டன. சியாட்டில் அருகிலுள்ள பெல்வியூ நகரின் அவசர அழைப்பு மையத்தில் பணியாளர்கள் கணினியைக் கைவிட்டுத் தாளில் எழுதிக் காவலர்களையும் தீயணைப்பு வண்டிகளையும் அனுப்பினர்.

ஒகைய்யோ மாநிலத்தின் டேவிஸ்-பெஸ்ஸி அணுமின் நிலையத்தில் நடந்தது தனியே குறிப்பிடத்தக்கது. அந்நிலையத்தின் தீயரண் 1434ஆம் போர்ட்டுக்கு வரும் பொதிகளைத் தடுக்கும்படியே அமைக்கப்பட்டிருந்தது. எனினும் ஒப்பந்த நிறுவனம் ஒன்றின் வலையமைப்பிலிருந்து தீயரணைச் சுற்றிச் சென்ற தனி இணைப்பு வழியாகப் புழு உள்ளே நுழைந்தது. பாதுகாப்பு அளவீடுகளைக் காட்டும் கணினி அமைப்பு ஏறத்தாழ ஐந்து மணிநேரம் இயங்கவில்லை. வேறொரு பழுது காரணமாக அணு உலை 2002 முதலே நிறுத்தப்பட்டிருந்ததால் ஆபத்து நேரவில்லை.

ஒட்டு இடப்படாததன் காரணங்கள்

நிர்வாகிகளின் சோம்பலே காரணம் என்று அன்று பலர் கூறினர். இது பாதி உண்மையே. மைக்ரோசாப்டின் சொந்த வலையமைப்பிலேயே ஒட்டு இடப்படாத கணினிகள் இருந்து, அவையும் தொற்றுக்கு உள்ளாயின.

நிறுவனத் தரவுத்தளம் ஒன்று சம்பளப் பட்டியல், இருப்புக் கணக்கு, வாடிக்கையாளர் விவரம் என நிறுவனத்தின் அன்றாடப் பணிகள் அனைத்தையும் தாங்கி நிற்கிறது. அதனை நிறுத்தினால் பணி நின்றுவிடும். ஒட்டு இட்டபின் பழைய பயன்பாட்டு மென்பொருள் இயங்காமல் போகலாம் என்ற அச்சமும் உண்டு. ஆகவே நன்றாக இயங்கும் தரவுத்தளத்தைத் தொடாமல் விடுவது அத்துறையில் நெடுநாளைய வழக்கமாக இருந்தது. எம்எஸ்02-039 ஒட்டுக்குத் தானாக நிறுவும் வசதியும் இல்லை. சேவையை நிறுத்திக் கோப்புகளைக் கையால் மாற்றவேண்டும். திருத்தங்கள் அனைத்தையும் உள்ளடக்கிய மூன்றாம் சேவைத் தொகுப்பு 2003 சனவரி 17 அன்று, அதாவது புழு பரவுவதற்கு எட்டு நாட்களுக்கு முன்னர்தான் வெளிவந்தது.

இதனினும் பெரிய சிக்கல் எம்எஸ்டிஈ ஆகும். விலையின்றி வழங்கப்பட்ட இதனை, விசுவல் ஸ்டூடியோ .நெட் உள்ளிட்ட பல மென்பொருள்கள் தம்முள் சேர்த்து நிறுவின. மேசையில் உள்ள கணினியில் ஒரு தரவுத்தள வழங்கி இயங்குகிறது என்பதே அதன் உரிமையாளருக்குத் தெரியாது. இருப்பதே தெரியாத மென்பொருளுக்கு ஒட்டுத் தேடுவார் எவரும் இல்லை.

பின்னைய மாற்றங்கள்

மைக்ரோசாப்ட் தனது ஒட்டுகளை மாதத்தின் இரண்டாம் செவ்வாய்க்கிழமையில் ஒன்றாக வெளியிடும் முறையை 2003 அக்டோபரில் தொடங்கியது. எஸ்கியூஎல் சர்வர் 2005 பதிப்பில் 1434ஆம் போர்ட்டின் சேவை தரவுத்தளப் பொறியிலிருந்து பிரிக்கப்பட்டுத் தனிச் சேவையாக்கப்பட்டது. தேவையற்ற வசதிகள் பலவும் நிறுவும்போதே அணைத்துவைக்கப்பட்டன. வேண்டுபவரே அவற்றை இயக்கவேண்டும். பயன்பாட்டு எளிமைக்காக எல்லாவற்றையும் திறந்துவைக்கும் பழைய அணுகுமுறை இவ்வாறு கைவிடப்பட்டது.

போட்டி நிறுவனமான ஆரக்கிளும் இச்சிக்கலிலிருந்து விலகி இருக்கவில்லை. தனது தரவுத்தளத்தை உடைக்கவே முடியாது என்று 2001இல் அந்நிறுவனம் விளம்பரம் செய்தது. விரைவிலேயே லிட்ச்ஃபீல்ட் அதிலும் பல வழுக்களை வெளியிட்டார். ஆரக்கிள் 2005 சனவரி முதல் காலாண்டுக்கு ஒருமுறை ஒட்டுகளை வெளியிடலாயிற்று. எல்லோரும் அறிந்த இயல்புநிலைக் கடவுச்சொற்களைக் கொண்டு ஆரக்கிள் தரவுத்தளங்களில் பரவக்கூடிய வாயேஜர் என்ற மாதிரிப் புழுவின் நிரல் அதே ஆண்டு அக்டோபர் இறுதியில் வெளியானது.

தரவையே காக்கும் முயற்சிகளும் இக்காலத்தில் வளர்ந்தன. தனிநபர் விவரங்கள் கசிந்தால் உரியவருக்கு அறிவிக்கவேண்டும் என்ற கலிபோர்னியா மாநிலச் சட்டம் 2003 சூலை 1 அன்று நடைமுறைக்கு வந்தது. மறைக்குறியாக்கம் செய்யப்பட்ட தரவுக்கு அது விலக்களித்தது. வட்டில் எழுதும்போதே தரவை மறைக்குறியாக்கம் செய்யும் வசதி ஆரக்கிள் 10ஜி இரண்டாம் வெளியீட்டிலும் (2005), எஸ்கியூஎல் சர்வர் 2008 பதிப்பிலும் சேர்க்கப்பட்டது. ஆயினும் ஸ்லாமர் போன்ற புழுவை இவ்வசதி தடுத்திருக்காது. அது தட்டைத் திருடியவரிடமிருந்து காக்குமேயன்றி, இயங்கிக்கொண்டிருக்கும் வழங்கியைக் காக்காது.

மீண்டும் தோன்றுதல்

ஸ்லாமரை எழுதியவர் கண்டுபிடிக்கப்படவில்லை. எஸ்கியூஎல் சர்வர் 2000 பதிப்புக்கான ஆதரவை மைக்ரோசாப்ட் 2013 ஏப்ரலில் முடித்துக்கொண்டது. அதன் பின்னரும், 2016 நவம்பர் இறுதியிலும் திசம்பர் தொடக்கத்திலும் இப்புழுவின் பொதிகள் பெருமளவில் காணப்பட்டதாகச் செக் பாயிண்ட் நிறுவனம் அறிவித்தது.