மனசுக்கு மருந்து சொல்ல யாருக்கு லைசென்ஸ்?

எங்கள் சிவகாசிப் பக்கம் "மருந்து" என்றால் மாத்திரை இல்லை. பட்டாசுக்குள் போடுகிற வெடிமருந்து. அதைக் கண்டவர்கள் தொட முடியாது. ஓர் ஆலையைக் காட்டினால் அது நாக்பூர் லைசென்ஸா, சென்னை லைசென்ஸா, டி.ஆர்.ஓ. லைசென்ஸா என்று சின்னப் பிள்ளைகூடக் கேட்கும். இவ்வளவு விவரமான ஊரில் இருந்துகொண்டு, மனசுக்கு மருந்து சொல்கிறேன் என்று போர்டு மாட்டியவரிடம் "உங்க லைசென்ஸ் எங்கே?" என்று கேட்க எனக்குத் தோன்றவில்லையே! அந்த ஆற்றாமையில்தான் இதை எழுதுகிறேன்.

என் நாத்தனார் ஒரு பட்டாசு ஆலையில் வேலை பார்த்தவள். மூன்று வருஷத்துக்கு முன் அங்கே ஒரு ரூம் வெடித்தது. அவளுடைய சிநேகிதி போய்விட்டாள். 2012 செப்டம்பர் 5-ல் முதலிப்பட்டியில் முப்பதுக்கும் மேற்பட்டவர்களைப் பறிகொடுத்த ஊர்ப்பக்கம் இது. செத்தவர்களுக்காக அழுவோம், தீக்காயம் பட்டவர்களைத் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடுவோம். காயமே இல்லாமல் வீடு திரும்பினவளை மட்டும், "சாமி காப்பாத்துச்சு" என்று சொல்லி அப்படியே விட்டுவிடுவோம்.

இவள் தூங்கவில்லை. குக்கர் விசில் அடித்தால் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வாசலுக்கு ஓடுவாள். மந்திரித்துத் தாயத்து கட்டினோம். இருக்கன்குடி மாரியம்மனுக்கு நேர்ந்துகொண்டோம். கடைசியில், பக்கத்து டவுனில் "டாக்டர், சைக்காலஜிஸ்ட்" என்று போர்டு போட்டிருந்த ஒருவரிடம் நான்தான் கூட்டிப்போனேன்.

ஒரு தடவைக்கு ஆயிரம் ரூபாய். சுவர் முழுக்க சர்டிபிகேட். மூன்றாம் தடவை தூக்க மாத்திரையும் எழுதிக் கொடுத்தார். அவரை நம்பி, யாரிடமும் சொல்லாத ஒன்றை இவள் சொல்லியிருக்கிறாள். அன்றைக்கு அந்த ரூமில் இருக்கவேண்டியவள் இவள்தான். பிள்ளைக்குக் காய்ச்சல் என்று பாதியில் கிளம்பும்போது, தன் இடத்தில் சிநேகிதியை உட்காரச் சொல்லிவிட்டு வந்திருக்கிறாள்.

அடுத்த வாரம் இவள் மாமியார் போய், "என்ன சார் சொல்றா எங்க மருமக?" என்று கேட்டதும், அந்த மனுஷர் அத்தனையையும் சொல்லிவிட்டார்! பத்தே நாளில் பேச்சு குழாயடிக்கு வந்துவிட்டது. செத்தவளின் தாயார் வாசலில் வந்து நின்று மண்ணை வாரித் தூற்றினாள். அன்று ராத்திரி இவள் என்னிடம், "மதினி, நானே போயிருக்கலாம்" என்றாள். எனக்குக் குலை நடுங்கிவிட்டது.

விடிந்ததும் பஸ் ஏறி, விருதுநகர் அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரியில் மனநலப் பிரிவுக்குப் போனோம். முதலில் மனநல மருத்துவர் பார்த்தார். பிறகு உளவியலாளர் மேடம் ஒருவர். அவர் சொன்ன முதல் வார்த்தையே இதுதான்: "நீங்க சொல்றது இங்கயே இருக்கும்மா. யார் உயிருக்காவது ஆபத்துன்னா மட்டும் வீட்டாள்கிட்ட பேசுவேன். அதையும் உங்ககிட்ட சொல்லிட்டுத்தான் செய்வேன்." என்னை வெளியே பெஞ்சில் உட்காரச் சொன்னார். முதலில் எனக்குக் கோபம்தான் வந்தது. அப்புறம்தான் புரிந்தது.

பின்னொரு நாள் அவரிடம் கேட்டுக் கேட்டு, மளிகைச் சீட்டின் பின்பக்கம் குறித்துக்கொண்டதை உங்களுக்கும் சொல்கிறேன், சகோதரிகளே.

மனநல மருத்துவர் வேறு, உளவியலாளர் வேறு. முன்னவர் எம்.பி.பி.எஸ். முடித்து, அதற்குமேல் மனநோய் மருத்துவம் படித்தவர். மாத்திரை எழுதுவது அவர் வேலை. உளவியலாளர் பேச்சாலும் பயிற்சியாலும் சோதனைகளாலும் உதவுகிறவர். அவர் மாத்திரை எழுதினால் உடனே உஷாராகிவிடுங்கள்.

"கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட்" என்று ஒருவர் சொன்னால் பதிவு எண்ணைக் கேளுங்கள். 1992-ல் வந்த சட்டப்படி, இந்திய மறுவாழ்வு கவுன்சிலின் மத்தியப் பதிவேட்டில் அவர் பெயர் இருக்கவேண்டும். இல்லாமல் தொழில் செய்தால் ஒரு வருஷம் வரை சிறை, அல்லது ஆயிரம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும் என்று அந்தச் சட்டத்தில் எழுதியிருக்கிறது. ஆயிரம் ரூபாய்! அந்த மனுஷர் எங்களிடம் ஒரு தடவைக்கு வாங்கின காசு.

வெறும் "சைக்காலஜிஸ்ட்", "கவுன்சலர்" என்று போர்டு போடுகிறவர்களை எந்தப் பதிவேட்டிலும் சேர்க்காத ஓட்டை வெகுகாலம் இருந்தது. 2021-ல் வந்த துணை மருத்துவத் தொழிலினருக்கான தேசிய ஆணையச் சட்டம்தான் இவர்களையும் தன் பட்டியலில் சேர்த்தது. ஆனால் சட்டம் வந்ததாலேயே தெருவில் தொங்குகிற போர்டெல்லாம் மாறிவிடுமா? என்ன படித்தீர்கள், எங்கே படித்தீர்கள், எத்தனை வருஷம், யாரிடம் பயிற்சி எடுத்தீர்கள் என்று கேட்பது நம் பொறுப்பு. ஒழுங்காகப் படித்தவர் கோபித்துக்கொள்ள மாட்டார்.

ரகசியம் காப்பது அவர்கள் நமக்குச் செய்கிற தயவு இல்லை. 2017-ஆம் வருஷத்து மனநலப் பராமரிப்புச் சட்டம் அதை நோயாளியின் உரிமை என்றே சொல்கிறது. உயிருக்கு ஆபத்து, கோர்ட் உத்தரவு மாதிரியான சில காரணங்களுக்குத்தான் விலக்கு உண்டு. மாமியார் கேட்டார் என்பது அதில் சேராது!

அவசரத்துக்கு 14416 என்ற நம்பரை அடுப்படிச் சுவரில் எழுதி வையுங்கள். 2022-ல் தொடங்கிய "டெலி மானஸ்" சேவை அது. காசு கிடையாது, ராத்திரியிலும் எடுப்பார்கள், தமிழில் பேசலாம். அன்று ராத்திரி எனக்கு இது தெரிந்திருந்தால், விடிகிற வரை அவள் கையைப் பிடித்துக்கொண்டு தவித்திருக்க வேண்டாம்.

இப்போது நாத்தனார் தேவலை. குக்கர் விசிலுக்குக் காதைப் பொத்திக்கொள்கிறாள், ஆனால் ஓடுவதில்லை. செத்தவளின் தாயார் இன்னும் முகம் கொடுத்துப் பேசவில்லை. அந்தக் காயம் எந்த மருந்தில் ஆறுமோ!

இதை எழுதுமுன் அவளிடம் கேட்டேன். "எழுதுங்க மதினி. நாலு பேருக்கு உதவட்டும். ஆனா எனக்கு வாசிச்சுக் காட்டிட்டு அனுப்புங்க. எம் பேரு வேணாம்" என்றாள். வாசித்துக் காட்டினேன். இரண்டு இடத்தில் அடிக்கச் சொன்னாள். அடித்துவிட்டுத்தான் தபாலில் சேர்க்கிறேன்.