கருத்தோன்றுங் காலம்

தொல்காப்பியப் பொருளதிகாரத்துக் கற்பியலில் ஒரு விதியுண்டு. தலைவன் பரத்தையிற் பிரிந்தானாயினும், தலைவியின் பூப்பினைச் சார்ந்த பன்னிரண்டு நாளும் அவளை நீங்கியிருத்தல் அறநெறியன்று என்பது அதன் கருத்து. ஈண்டுப் பூப்பென்றது திங்கள்தோறும் நிகழ்வதனை. அக்காலம் கருத்தோன்றுதற்கு உரியது என்பதே உரையாசிரியர் கொண்ட காரணம். இவ்விதியை வகுப்பிற் பயிலுங்கால் மாணவர் தலைகவிழ்ந்து விரைந்து பக்கம் புரட்டுதலே வழக்கமாயிருக்கின்றது. இலக்கண நூலார் நாணாது கூறிய பொருளை யாம் மட்டும் நாணி விடுத்தல் எற்றுக்கு? மகப்பேற்றை விழையும் இல்லறத்தார்க்கு உரிய நாட்கள் எவை என்பதைப் பற்றி இற்றை உடல்நூலார் கண்ட உண்மைகளை ஈண்டு எடுத்துரைப்பாம்.

பெண்ணின் கருப்பைக்கு இருமருங்கினும் சூலகங்கள் இரண்டுள. திங்கள்தோறும் அவற்றுள் ஒன்றிலிருந்து பெரும்பாலும் ஒரு முட்டையே முதிர்ந்து வெளிப்பட்டுக் கருக்குழாயினுட் புகும். அஃது உயிர்ப்புடன் இருப்பது பன்னிரண்டு முதல் இருபத்துநான்கு மணி நேரமே. ஆணின் விந்தணுவோ பெண்ணுடலினுள் ஐந்து நாள்வரை வாழவல்லது. ஆகவே முட்டை வெளிப்பட்டபின் அணு வருதலினும், அணு முன்னரே வந்து முட்டையை எதிர்நோக்கியிருத்தல் நன்று. இவ்வொன்றை அறியாமையாற் காலந்தாழ்ப்போர் பலர்.

முட்டை வெளிப்படும் நாள் யாது? 19ஆம் நூற்றாண்டில் ஐரோப்பிய மருத்துவர் பலர், அது பூப்பு நாட்களை ஒட்டியே நிகழும் என்று நம்பினர். இரு பூப்பிற்கும் இடைப்பட்ட நடுநாட்களே கருத்தரியா நாட்கள் என்றும் கூறினர். உண்மை இதற்கு நேர்மாறானது. ஜப்பான் நாட்டு மருத்துவர் கியூசாக்கு ஒகினோ என்பார், அறுவை மருத்துவத்தின்போது சூலகங்களைக் கண்ணாரக் கண்டு, நோயாளிகளின் பூப்பு நாட்களோடு ஒப்பிட்டு, 1924ஆம் ஆண்டில் தம் முடிபை வெளியிட்டார். அடுத்த பூப்பிற்கு 12 முதல் 16 நாள் முன்னரே முட்டை வெளிப்படும் என்பது அம்முடிபு. ஆஸ்திரிய நாட்டு ஹெர்மன் க்னாஸ் என்பாரும் அக்காலத்தை ஒட்டியே தனித்து ஆராய்ந்து இதனையொத்த கொள்கையை நிறுவினார்.

இதன் அருமை, எண்ணும் திசையை மாற்றியமைத்ததில் உள்ளது. எல்லோரும் கழிந்த பூப்பிலிருந்து முன்னோக்கி எண்ணினர்; ஒகினோ வருகின்ற பூப்பிலிருந்து பின்னோக்கி எண்ணினார். பூப்பின் வட்டம் ஒருத்திக்கு 24 நாளாகவும் மற்றொருத்திக்கு 35 நாளாகவும் இருத்தல் கூடும். அவ்வேறுபாடு பெரிதும் முட்டை வெளிப்படுதற்கு முற்பட்ட பகுதியிலேயே நிகழ்வது. பிற்பகுதி ஏறக்குறைய 14 நாளாக நிலைத்திருக்கும். ஆதலின் முன்னவட்குப் பத்தாம் நாளையும், பின்னவட்கு இருபத்தோராம் நாளையும் ஒட்டி முட்டை வெளிப்படும். எல்லோர்க்கும் பதினான்காம் நாளே என்று கூறுதல் பிழை. தொல்காப்பியர் கூறிய பன்னிரண்டு நாளும், பூப்புத் தோன்றிய நாள்தொட்டு எண்ணின், முன்னவளுக்குப் பொருந்தும், பின்னவளுக்குப் பொருந்தாது. பண்டையோர் அனைத்தையும் முற்ற அறிந்திருந்தனர் என்று நம்மவர் பேசும் வெறும் பெருமை எமக்கு உடன்பாடன்று. கருத்தோன்றற்குக் காலமொன்று உண்டென்று கருதி அதனை மனையறத்தோடு இயைத்ததே அவர்தம் சிறப்பு.

அமெரிக்காவில் மகப்பேறு விழைந்த 221 பெண்டிரைக் கொண்டு நிகழ்த்தி 1995ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆராய்ச்சி ஒன்று, முட்டை வெளிப்படும் நாளும் அதற்கு முற்பட்ட ஐந்து நாளுமாகிய ஆறு நாட்களே கருத்தரித்தற்கு உரியன என்று காட்டிற்று. அவற்றுள் முதல் நாளிற் கூடின் பத்தில் ஒரு பங்கும், இறுதி நாளிற் கூடின் மூன்றில் ஒரு பங்குமே கருத்தரித்தற்கு வாய்ப்புண்டு. மிக நல்ல நாளிலும் மூன்றில் ஒன்றே என்பதை மாமியர் கேட்பாராக! மணமாகி மூன்று திங்கள் கழியுமுன்னரே 'விசேடம் உண்டோ' என்று வினவத் தொடங்கும் சுற்றத்தார்க்கு இக்கணக்குத் தெரியாது.

அந்நாட்களை உணர்த்தும் குறிகளும் உள. கருப்பை வாயினின்று கசியும் நீர், முட்டையின் வெண்கருவைப் போலத் தெளிந்து இழுபடுந் தன்மையுடையதாயின் காலம் அணுகிற்று என்க. விடியலிற் படுக்கைவிட்டு எழுமுன் அளக்கப்படும் உடல்வெப்பம், முட்டை வெளிப்பட்டபின் சிறிது உயரும். நிகழ்ந்து முடிந்ததையே அஃது அறிவித்தலின் அத்திங்களுக்குப் பயன் குறைவு. மருந்துக் கடைகளில் விற்கும் சிறுநீர்ச் சோதனைப் பட்டையோ, பிட்யூட்டரி சுரப்பியின் நீர் பெருகுதலைக் காட்டி, ஏறக்குறைய ஒருநாள் முன்னரே அறிவுறுத்தும். வட்டம் ஒழுங்கற்றார்க்கு இவையும் முழுதும் துணையாகா. அவர் மருத்துவரை நாடுதலே தக்கது.

ஓராண்டு கூடியுறைந்தும் கருத்தரியாவிடின் மருத்துவரை அணுகல் வேண்டும்; மனைவிக்கு வயது 35 கடந்ததாயின் ஆறு திங்களே போதும். அணுகுவோர் இருவராதல் வேண்டும். குறை ஆடவனிடத்தும் இருத்தல் கூடும். விந்தினைச் சோதித்தலோ பெண்ணுக்குச் செய்யும் சோதனைகள் பலவற்றினும் எளிது. ஆயினும், மலடன் என்னுஞ் சொல் நம் மொழியில் இருந்தும் வழக்கில் அரிதே. மலடி என்பதோ தெருத்தோறும் ஒலிக்கின்றது. விவிலியத்து அன்னாள் ஆண்டுதோறும் ஆலயத்திற்குச் சென்ற காலையும், சக்களத்தி பெனின்னாள் அவளை மனமடிவாக்கினாள் என்று படிக்கின்றோம். இன்றும் நேர்ச்சைக்கும் நோன்புக்கும் மனைவியே அனுப்பப்படுகின்றாள். சோதனைச் சாலைக்கும் முதலில் அவளே அனுப்பப்படுகின்றாள். மருத்துவரைக் காணச் செல்லுங்கால், சென்ற சில திங்களின் பூப்பு நாட்களைக் குறித்த ஏட்டை மனைவி உடன்கொண்டு செல்க. கணவனும் உடன் செல்க.