ஸ்டார்ட்டர் தேய்ந்தால் விமானமும் ‘கிளிக்’ என்றுதான் சொல்லும்

பழைய தோட்ட லோரியை ஹேண்டில் போட்டுச் சுற்றிக் கிளப்பியதை நேரில் பார்த்தவர்கள் இன்னும் நம்மிடையே இருக்கிறார்கள். கட்டை விரலால் ஹேண்டிலைச் சுற்றி வளைத்துப் பிடிக்கக்கூடாது, மற்ற விரல்களோடு ஒரே பக்கமாக வைத்துக்கொள்ள வேண்டும் என்பது கிளீனர் பையன்களுக்கு டிரைவர் சொல்லித்தரும் முதல் பாடம். இஞ்சின் பின்னுக்கு உதைத்தால் கை போய்விடும். 1912-ஆம் ஆண்டின் கேடிலாக் கார்களில் மின்சார ஸ்டார்ட்டர் வந்த பிறகு, அந்த ஆபத்து மெல்ல மெல்லக் கார்களை விட்டு நீங்கியது. சிறிய விமானங்களை விட்டு அது இன்னும் முழுதாக நீங்கவில்லை. அங்கே ஸ்டார்ட்டர் படுத்துவிட்டால் கையால் சுற்றப்படுவது ஹேண்டில் அல்ல, புரொப்பெல்லர்.

அமெரிக்காவில் வீட்டுக் கராஜிலேயே விமானம் கட்டிப் பறப்பவர்கள் ஆயிரக்கணக்கில் இருக்கிறார்கள். ஒரேகன் மாநிலத்தின் வேன்ஸ் நிறுவனம் விற்கும் ஆர்.வி. ரக பாகங்களை வாங்கிக் கட்டிப் பறந்த விமானங்கள் மட்டுமே 11,000-ஐத் தாண்டும். பாதிக்கு மேற்பட்ட வேலையைக் கல்விக்காகவோ பொழுதுபோக்கிற்காகவோ கட்டியவர்களே செய்திருக்க வேண்டும் என்பது அந்நாட்டு விதி. முதன்மையாகக் கட்டியவர் அதற்கான சான்றிதழ் பெற்றுக்கொண்டால், அந்த விமானத்தின் ஆண்டுச் சோதனையையும் தாமே செய்து கையெழுத்திடலாம். ஆகவே ஸ்டார்ட்டர் பழுதானால் பெரும்பாலும் அவரேதான் ஸ்பேனரை எடுக்கிறார்.

இப்படிக் கட்டப்படும் விமானங்கள் பலவற்றில் இருப்பது நான்கு சிலிண்டர் லைகமிங் இஞ்சின். அதன் தீப்பொறி மேக்னெட்டோவிலிருந்து வருகிறது. ஓடத் தொடங்கிவிட்டால் பேட்டரியே இல்லாவிட்டாலும் அது தொடர்ந்து ஓடும். ஸ்டார்ட்டருக்குத் தரையில் சில விநாடிகள்தான் வேலை. இதனால்தான் பலர் அதைக் கவனிக்காமல் தள்ளிப்போடுகிறார்கள். காலையில் கொஞ்சம் மெதுவாகச் சுற்றும், பிறகு ஒரு சிலிண்டரின் அழுத்தத்தில் வந்து திணறி நிற்கும், ஒரு நாள் ‘கிளிக்’ என்று மட்டும் சொல்லும். அந்த நாளில்தான் ‘கையால் ஒரு சுற்றுச் சுற்றிப் பார்ப்போமே’ என்ற எண்ணம் வரும்.

கேபினில் விவரம் தெரிந்த ஆள் உட்கார்ந்து பிரேக்கைப் பிடித்திருக்க, சக்கரங்களுக்குக் கட்டை வைத்து, வாலையும் கட்டிப்போட்டு, பழகியவர் செய்தாலே அது ஆபத்தான வேலை. தனி ஆளாகச் செய்பவருக்கு இஞ்சின் கிளம்பியதும் ஆளில்லாத விமானம் கூடவே புறப்பட்டு ஓடும். பர்ட் ரூட்டான் வடிவமைத்த லாங்-ஈஸி விமானம் இதில் சற்று வேறு மாதிரி. அதன் இஞ்சின் பின்பக்கம் இருக்கிறது, நிறுத்தும்போது மூக்கைத் தரையில் ஊன்றி நிறுத்துவார்கள். அதனால் பலர் ஸ்டார்ட்டரே இல்லாமல் அதைக் கட்டினார்கள். முன்பக்கம் புரொப்பெல்லர் உள்ள விமானத்துக்கு அந்த வசதி கிடையாது.

பழுது என்றதும் ஸ்டார்ட்டரைக் கழற்றிவிடுவது பலர் செய்யும் தவறு. குற்றவாளி பல சமயம் கேபிள்தான். இஞ்சினைச் சுற்றும்போது ஸ்டார்ட்டர் 200 ஆம்பியர் அளவுக்கு மின்சாரம் இழுக்கும். வழியில் ஏதோ ஓர் இணைப்பில் துரு ஏறி, ஓம் கணக்கில் ஆயிரத்தில் ஐந்து பங்கு தடை உண்டானாலும் அங்கே ஒரு வோல்ட் போய்விடும். 12 வோல்ட் பேட்டரிக்கு அது பெரிய இழப்பு. அதோடு அந்த ஒரே இணைப்பில் 200 வாட் சூடும் கிளம்பும். சுற்றி முடித்ததும் கேபிளின் முனை சுடுகிறதா என்று கைவைத்துப் பார்ப்பது அந்தக் காலத்து மெக்கானிக்குகளின் வழக்கம். அது சரியான வழக்கமும்கூட.

மீட்டர் இருந்தால் இன்னும் தெளிவாகத் தெரியும். மேக்னெட்டோ சுவிட்சை அணைத்து, எரிபொருளை மூடி, ஒருவர் கேபினில் இருந்து ஸ்டார்ட்டரை அழுத்த வேண்டும். மீட்டரின் கம்பிகள் நீளமாக இருக்கட்டும், புரொப்பெல்லர் சுற்றும் வட்டத்துக்குள் யாரும் நிற்கக்கூடாது. சுவிட்சை அணைத்தாலும், மேக்னெட்டோவுக்குப் போகும் கம்பி அறுந்திருந்தால் அது உயிரோடுதான் இருக்கும். முதலில் பேட்டரியின் இரு முனைகளிலும், பிறகு ஸ்டார்ட்டரின் முனையிலும் வோல்ட்டைப் பார்க்க வேண்டும். பேட்டரியில் நன்றாக இருந்து ஸ்டார்ட்டரில் குறைந்தால் பழுது இடையில் இருக்கிறது. பேட்டரியே விழுந்துவிட்டால் அதை முதலில் சோதிக்க வேண்டும்.

அடுத்து, பேட்டரியின் நெகட்டிவ் முனைக்கும் இஞ்சின் உடலுக்கும் நடுவில் பார்க்க வேண்டும். பலர் மறப்பது இந்த இடத்தைத்தான். இஞ்சின் ரப்பர் தாங்கிகள் மேல் உட்கார்ந்திருப்பதால், அதற்கும் விமானத்தின் உடலுக்கும் இடையே தனியாக ஒரு பட்டைக் கம்பி போட்டிருப்பார்கள். அது அறுந்தாலோ தளர்ந்தாலோ மின்சாரம் வேறு வழி தேடும். கிடைக்கும் வழி, இஞ்சினைக் கட்டுப்படுத்தும் திராட்டில் கேபிளும் எரிபொருள் கலவைக் கேபிளும். அவை சூடாகி, உள்ளே உருகி, பிறகு வானத்தில் இறுகிப் பிடித்துக்கொள்ளலாம். ‘ஸ்டார்ட்டர் தரையோடு முடிந்துபோகும் சமாச்சாரம்’ என்ற நினைப்பு இங்கேதான் பொய்த்துப்போகிறது. கண்ணாடி இழையில் கட்டிய விமானங்களில் உடலே மின்சாரம் கடத்தாது என்பதால், திரும்பி வரும் பாதைக்கும் முழு நீளத்துக்குத் தடித்த கேபிள் ஓட வேண்டும்.

கேபிள், சோலினாய்டு எல்லாம் சரி, ஸ்டார்ட்டர் முனைவரை நல்ல வோல்ட் வருகிறது, ஆனாலும் சோர்ந்து சுற்றுகிறது என்றால்தான் அதைக் கழற்ற வேண்டும். பேட்டரியின் இணைப்பை எடுத்த பிறகே கைவைக்க வேண்டும்.

பழைய பிரெஸ்டோலைட் வகை ஸ்டார்ட்டரைப் பிரித்தால், லோரி ஸ்டார்ட்டரைப் பிரித்துப் பழகியவருக்கு எல்லாம் தெரிந்த முகங்கள்தான். முதலில் தேய்வது கார்பன் பிரஷ். அது குட்டையானால் ஸ்பிரிங்கின் அழுத்தம் குறையும், தொடுகை விட்டு விட்டு வந்து பொறி பறக்கும், கம்யூட்டேட்டரின் செம்பு கருகும். பிரஷ் தன் கூட்டுக்குள் தடையின்றி நகர்கிறதா, ஸ்பிரிங் சூட்டில் நீலம் பாய்ந்து தளர்ந்திருக்கிறதா என்பதையும் பார்க்க வேண்டும். கருகல் லேசாக இருந்தால் நைசான மணல் தாளால் துடைக்கலாம். எமெரி தாள் கூடாது, அதன் தூள் மின்சாரம் கடத்தும், செம்புத் தகடுகளுக்கு நடுவே போய் அடைந்துகொள்ளும். பள்ளம் விழுந்திருந்தால் லேத்தில் கடைந்து, தகடுகளுக்கு இடையிலுள்ள மைக்காவைச் செம்பைவிடத் தாழ்வாக அறுத்துவிட வேண்டும். கடைசல் மட்டும் பிடித்துவிட்டு மைக்காவை அப்படியே விட்டால் புது பிரஷும் சீக்கிரமே தேயும்.

அடுத்தது வெண்கல புஷ். அது தேய்ந்தால் ஆர்மேச்சர் தொங்கி, சுற்றிலும் உள்ள இரும்பில் உரசும். ஆர்மேச்சரின் மேல் பளபளப்பான கீறல் தெரிந்தால் அதுதான் காரணம். புஷ்ஷை எண்ணெயில் ஊறவைத்துப் போடுவது எளிய வேலை. ஆர்மேச்சரின் சுருள் எரிந்திருந்தால், அதை வீட்டில் செய்ய நினைப்பதில் அர்த்தமில்லை. ஸ்டார்ட்டர் சுற்றும் கடையிடம் கொடுப்பதோ மாற்றிவிடுவதோதான் வழி.

மோட்டார் விர்ரென்று ஓடியும் புரொப்பெல்லர் அசையவில்லையா? பெண்டிக்ஸ் எனப்படும் பல்சக்கரம் முன்னால் வந்து பெரிய வளையத்தைக் கடிக்கவில்லை என்று பொருள். பெரும்பாலும் அழுக்குதான். கழுவி உலர்த்தி, உலர்ந்த சிலிக்கோன் தெளித்தால் போதும். கிரீஸ் பூசினால் தூசி ஒட்டி மறுபடியும் சிக்கும். வளையத்தின் பற்களையும் ஒருமுறை சுற்றிப் பார்ப்பது நல்லது. மாற்று ஸ்டார்ட்டர் வாங்குபவர் பற்களை எண்ணிவிட்டுத்தான் பணம் கொடுக்க வேண்டும். லைகமிங் வளையத்தில் 122 பற்களும் உண்டு, 149 பற்களும் உண்டு. ஒன்றுக்கானது மற்றொன்றில் பொருந்தாது.

புதிய இலகு ரக ஸ்டார்ட்டர்கள் பழையதில் ஏறக்குறைய பாதி எடைதான். மூக்கில் நாலு கிலோ குறைவது நல்லதுதானே என்று தோன்றும். ஆனால் விமானத்தின் ஈர்ப்பு மையம் அந்த அளவுக்குப் பின்னால் நகர்கிறது. எடைக் கணக்கைத் திருத்தி எழுதாமல் பின் இருக்கையிலும் சாமான் பகுதியிலும் பாரம் ஏற்றக்கூடாது.

மாட்டி முடித்ததும் முதல் முறை கிளப்பும்போது பத்து விநாடிக்கு மேல் அழுத்திப் பிடிக்காமல், இடையில் ஆறவிட வேண்டும். சோலினாய்டின் உள்முனைகள் ஒட்டிக்கொண்டால், பட்டனை விட்டாலும் ஸ்டார்ட்டர் நிற்காமல் ஓடி எரிந்துபோகும். அதற்காகப் பலர் ஸ்டார்ட்டர் முனையிலிருந்து கேபினுக்கு ஒரு சிறு சிவப்பு விளக்கு இழுத்து வைக்கிறார்கள். இஞ்சின் பிடித்த பிறகும் அந்த விளக்கு அணையவில்லை என்றால், உடனே இஞ்சினையும் மாஸ்டர் சுவிட்சையும் நிறுத்தி, மறுபடியும் மேலுறையைக் கழற்ற வேண்டியதுதான்.