ஒரு மூடிதான் வித்தியாசம்: கொடுங்கையூர் குப்பையும் கரண்ட் தயாரிக்கும் நுண்ணுயிர்களும்

நான் வளர்ந்தது தண்டையார்பேட்டையில். காற்று எந்தப் பக்கத்திலிருந்து வீசுதுன்னு எங்க ஆயா வீட்டுக்குள்ள உட்கார்ந்தபடியே சொல்லிடுவாங்க. கிழக்கே இருந்து வந்தா காசிமேட்டு மீன் வாசம். மேற்கே இருந்து வந்தா கொடுங்கையூர். மீன் வாசத்துக்கு ஜன்னல் திறந்தே இருக்கும், "அது நம்ம சோறுடா"ன்னு சொல்வாங்க. கொடுங்கையூர் காத்து அடிச்சா மட்டும் ஜன்னலைச் சாத்தச் சொல்வாங்க.

இன்னைக்கு எபிசோட் அந்த மேற்குக் காத்தைப் பத்தித்தான். நாத்தத்தோட சேர்ந்து மணமே இல்லாத ஒரு வாயுவும் அதில் வருது. அந்த வாயுவில் கரண்ட் இருக்கு. அதைத் தயாரிக்கிறது கண்ணுக்குத் தெரியாத உயிரிகள். அவங்க எப்படி வேலை செய்யறாங்க, அவங்களை நாம எங்கே வெச்சிருக்கோம்னு பார்ப்போம்.

மாவு பொங்குவது தெரியுமா? அப்போ இதுவும் புரியும்

இட்லி மாவை ராத்திரி மூடி வெச்சா காலையில் பொங்கி நிற்கும். மாவில் இருக்கும் நுண்ணுயிர்கள் மாவுச்சத்தைத் தின்னு வாயுவை விடுது, அதான் காரணம். வெளியிலேயே இன்னும் ரெண்டு நாள் விட்டா மாவு புளிச்சுப் போகும், அதாவது அமிலம் சேருது.

காய்கறித் தோல், மீந்த சோறு, மீன் குடல் எல்லாத்துக்கும் இதேதான் நடக்குது. முதலில் ஒரு கூட்டம் நுண்ணுயிர்கள் பெரிய மூலக்கூறுகளை உடைக்கும். அடுத்த கூட்டம் அதை அமிலங்களாக மாற்றும். மூன்றாவது கூட்டம் அந்த அமிலங்களை அசிட்டிக் அமிலமாக, அதாவது வினிகரில் இருக்கும் அதே அமிலமாக ஆக்கும். கடைசியாக வர்றவங்க ஆர்க்கியா என்ற பழமையான உயிரினத்தைச் சேர்ந்தவங்க. அந்த அமிலத்தைத் தின்னு மீத்தேனை விடறது இவங்கதான். இவங்களுக்கு ஆக்சிஜன் விஷம். காத்து புகாத இடமும் சுமார் 35 டிகிரி சூடும் இருந்தால் போதும். சென்னையில் சூட்டுக்கா பஞ்சம்?

இப்படிக் கிடைக்கும் உயிர்வாயுவில் சுமார் 60 சதவீதம் மீத்தேன். மிச்சம் பெரும்பாலும் கார்பன் டை ஆக்சைடு. இதை எரித்து இன்ஜினை ஓட்டி, ஜெனரேட்டரைச் சுற்ற வைக்கலாம்.

ரெண்டு பக்கத்து வீட்டுக்காரங்க

கொடுங்கையூரில் இந்த நுண்ணுயிர்கள் ரெண்டு இடத்தில் வேலை பார்க்குது.

முதல் இடம் குப்பைமேடு. 1980-களிலிருந்து அங்கே குப்பை கொட்டப்படுது. அங்கே குவிஞ்சிருந்த பழைய குப்பை 66 லட்சம் டன்னுக்கு மேல். அதைத் தோண்டிப் பிரிச்சு அகற்றும் பயோமைனிங் வேலை தொடங்கியிருக்கு. மேட்டின் உள் அடுக்குகளில் காத்து கிடையாது. அதனால் மீத்தேன் தானாகவே உருவாகி மேலே கசியும். 20 வருஷக் கணக்கில் பார்த்தா, ஒரு டன் மீத்தேன் பூமியைச் சூடாக்கும் அளவு ஒரு டன் கார்பன் டை ஆக்சைடைவிட 80 மடங்கு அதிகம். அது சுலபமா தீப்பிடிக்கவும் செய்யும். 2022 ஏப்ரலில் தென்சென்னையில் பெருங்குடி குப்பைமேடு பிடிச்சு எரிந்து பல நாள் புகைந்தது ஞாபகம் இருக்கும். வடசென்னைக்காரங்களுக்கு அந்தப் புகை ரொம்ப வருஷப் பழக்கம்.

ரெண்டாவது இடம், அதே கொடுங்கையூரில் இருக்கும் சென்னைக் குடிநீர் வாரியத்தின் கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையம். வடசென்னையின் பெரும்பகுதிக் கழிவுநீர் அங்கேதான் போகுது. 2000-களில் அங்கே கட்டின ஒரு பிரிவு மட்டும் ஒரு நாளைக்கு 11 கோடி லிட்டர் சுத்திகரிக்கக் கூடியது. அடியில் படியும் கசடை மூடிய பெரிய தொட்டிகளுக்குள் அனுப்பறாங்க. உள்ளே அதே நுண்ணுயிர்கள், அதே மீத்தேன். ஆனா இங்கே வாயு காத்தில் கலக்காமல் குழாய் வழியா கேஸ் இன்ஜினுக்குப் போகுது. அந்த இன்ஜினின் திறன் சுமார் 1 மெகாவாட். அதில் வரும் கரண்ட், நிலையத்தின் மோட்டார்களை ஓட்ட உதவுது. நம்ம கழிவே தன்னைச் சுத்தம் பண்ணும் கரண்ட் பில்லில் ஒரு பங்கைக் கட்டிடுது!

ஒரே ஊர், ஒரே உயிரி, ஒரே வாயு. ஒரு இடத்தில் அது நோய், இன்னொரு இடத்தில் கரண்ட். நடுவில் இருக்கும் வித்தியாசம் ஒரு மூடி.

எவ்வளவு கரண்ட் வரும்? நேர்மையா ஒரு கணக்கு

ஒரு டன் ஈரக் குப்பையிலிருந்து சுமார் 100 கன மீட்டர் உயிர்வாயு எடுக்கலாம். ஒரு கன மீட்டருக்கு ஏறக்குறைய 2 யூனிட். ஆக ஒரு டன்னுக்கு 200 யூனிட்.

சென்னை தினமும் 5,000 டன்னுக்கு மேல் குப்பை போடுது. அதில் பாதி ஈரக் குப்பைன்னு வெச்சுக்குவோம். 2,500 டன், 5 லட்சம் யூனிட். கேட்க பிரமாதமா இருக்கு, இல்லையா? ஆனா அது தொடர்ந்து ஓடும் 20 மெகாவாட் நிலையத்துக்குத்தான் சமம். எண்ணூர் பக்கம் இருக்கும் வடசென்னை அனல்மின் நிலையத்தின் முதல் ரெண்டு கட்டங்கள் மட்டுமே 1,830 மெகாவாட். குப்பை கரண்ட் வந்துட்டா எண்ணூரில் சாம்பல் நின்னுடும்னு யாராவது சொன்னா நம்பாதீங்க.

அப்போ எதுக்கு இது? தினமும் 2,500 டன் குப்பைமேட்டுக்குப் போகாமல் நிற்குமே, அதுக்குத்தான். கரண்ட் போனஸ் மாதிரி. மேடு வளராமல் இருப்பதுதான் சம்பளம்.

இது புது யோசனையும் இல்லை. 2005-லேயே கோயம்பேடு மார்க்கெட் கழிவுக்காக நாளுக்கு 30 டன் கையாளும் நிலையம் தொடங்கினாங்க. மார்க்கெட்டில் ஒரு வசதி, வர்றது பெரும்பாலும் காய்கறிக் கழிவு மட்டும்தான். காசிமேட்டு மீன் கழிவை அப்படியே தனியா போட்டா சரிவராது. புரதம் அதிகம் என்பதால் அம்மோனியா கூடி, மீத்தேன் தர்ற உயிரிகள் முடங்கிடும். காய்கறி, இலை தழையோட கலந்து போட்டா நல்லா வேலை செய்யும். சாப்பாட்டில் குழம்பு மட்டும் போதாது, சோறும் வேணும் இல்லையா, அந்த மாதிரி.

எரிக்காமலே கரண்ட்

வாயு, இன்ஜின் எதுவுமே இல்லாமல் நேரடியா கரண்ட் தரும் உயிரிகளும் உண்டு. 1911-ல் இங்கிலாந்தின் டர்ஹாம் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த எம்.சி. பாட்டர் என்ற தாவரவியல் பேராசிரியர், ஈஸ்ட்டும் பாக்டீரியாவும் மின்னோட்டம் தருவதைக் காட்டினார். 1987-ல் அமெரிக்காவின் பொட்டோமாக் ஆற்றுச் சேற்றில் டெரெக் லவ்லி கண்டுபிடித்தது ஜியோபாக்டர். நாம ஆக்சிஜனை சுவாசிக்கிற மாதிரி, அது சேற்றில் இருக்கும் இரும்புத் துருவை 'சுவாசிக்குது'. அதாவது உணவைத் தின்னும்போது வெளிவரும் எலக்ட்ரான்களைத் துருவிடம் ஒப்படைக்குது. துருவுக்குப் பதிலா ஒரு கார்பன் கம்பியை வெச்சா, எலக்ட்ரான் கம்பி வழியா ஓடும். அதுதான் நுண்ணுயிர் மின்கலம்.

ஒரு கலத்தில் கிடைப்பது அரை வோல்ட் அளவுதான். 2015-ல் பிரிட்டனின் கிளாஸ்டன்பரி இசை விழாவில் சிறுநீரை வெச்சே கழிப்பறை விளக்கை எரிய வைத்தாங்க. நம்ம நாட்டில் ஐஐடி கரக்பூரில் இதே தத்துவத்தில் கழிப்பறை அமைச்சிருக்காங்க. விளக்கு, சென்சார் அளவுக்கு இது சரி. ஊர் குப்பைக்கு இன்னும் நேரம் எடுக்கும்.

ஈர விறகு

இப்போ ஏன் இதைப் பேசறேன்? கொடுங்கையூரில் நாளுக்கு 2,100 டன் குப்பையை எரிச்சு கரண்ட் எடுக்கும் ஆலைக்கு மாநகராட்சி திட்டம் போட்டது. 2025 மே மாதம் வடசென்னை மக்கள் மனிதச் சங்கிலியா நின்னு எதிர்த்தாங்க. குப்பை கொட்ட இடமில்லைங்கிறது மாநகராட்சி சொல்லும் காரணம். அது பொய்யில்லை. ஏற்கெனவே அனல்மின் நிலையமும் ரிஃபைனரியும் சூழ்ந்த இடத்தில் இன்னொரு புகைபோக்கியா என்பது மக்கள் கேள்வி.

நான் ஒண்ணு மட்டும் சேர்த்துக்கறேன். எங்க ஆயா ஈர விறகில் அடுப்பு மூட்டிப் படாதபாடு பட்டதைப் பார்த்திருக்கேன். முதல் சூடு முழுக்கத் தண்ணியை ஆவியாக்கவே போயிடும், மிஞ்சுவது புகை. நம்ம குப்பையில் பாதி ஈரம். நெருப்புக்கு அது கஷ்டம், நுண்ணுயிருக்கு அது விருந்து.

ஆனா அந்த விருந்தில் ஒரு நிபந்தனை உண்டு. பிளாஸ்டிக் கவரும் பேட்டரியும் கலந்து வந்தா தொட்டி அடைச்சுக்கும், உயிரிகளும் சாகும். அதனால் மூடி போடுவதற்கு முன்னால நடக்க வேண்டியது பிரிப்பது. வீட்டிலேயே பிரிக்கணும்னு 2016 விதிகளே சொல்லிச்சு. ஒரே கவரில் கட்டிப் போடும் மீந்த பிரியாணியையும் ஷாம்பு பாக்கெட்டையும் பிரிச்சு, பிரியாணி அந்தந்தப் பகுதிக்குள்ளேயே தங்கினா, அங்கே ஒரு சின்ன தொட்டியே அதைக் கரண்டாக்கிடும். வண்டி ஏறி ஊர் தாண்டி வந்தா, தண்டையார்பேட்டையில் யாரோ ஒரு ஆயா ஜன்னலைச் சாத்துவாங்க.

அடுத்த முறை குப்பைத் தொட்டியைத் திறக்கும்போது, இது நெருப்புக்கா, நுண்ணுயிருக்கா, இல்ல கொடுங்கையூருக்கான்னு ஒரு நொடி யோசிங்க. அடுத்த எபிசோடில் பார்ப்போம்.