குடிக்காத மனிதரின் ஈரல்

மூன்று வருஷத்துக்கு முன் ஓர் இரவு, இஷா தொழுதுவிட்டு வந்த எங்கட சாச்சா இரத்தமாகச் சத்தி எடுத்தார். ஆஸ்பத்திரியில் கமரா விட்டுப் பார்த்து, களத்தில் புடைத்திருந்த நாளங்களுக்கு றப்பர் வளையம் போட்டு இரத்தத்தை நிறுத்தினார்கள். நோய், சிரோசிஸ். அடுத்த நாளே தெருவில் கதை கிளம்பிவிட்டது: “புத்தளத்தில இருந்த காலத்தில குடிச்சிருப்பார் போல.” ஒரு சொட்டும் தொடாத மனுசன். அந்த வெட்கத்தில் ஆறு மாதம் கிளினிக் பக்கமே அவர் போகவில்லை.

ஈரல் கெட்டால் களத்தில் ஏன் இரத்தம் வரவேண்டும்? தமிழ் படிப்பிக்கிற எனக்கு இது விளங்கக் கொஞ்சக் காலம் எடுத்தது. மானிப்பாயில் டொக்டர் சாமுவேல் கிறீன் மேலை வைத்தியத்தைத் தமிழிலேயே கற்பித்து ஒன்றரை நூற்றாண்டு கடந்துவிட்டது. ஆகவே தமிழிலேயே சொல்லிப் பார்ப்போம்.

ஈரலுக்கு நிமிடத்துக்குச் சுமார் ஒன்றரை லீற்றர் குருதி வருகிறது. அதில் காற்பங்கை ஈரல் நாடி கொண்டுவருகிறது. மிச்ச முக்காற்பங்கு குடல், மண்ணீரல் முதலியவற்றிலிருந்து ஈரல் வாயினாளம் வழியாக வருவது. இரண்டும் ஈரலுக்குள் குடாக்கள் எனப்படும் நுண்ணிய குழாய்களில் கலந்து, மெதுவாகப் பாய்கின்றன. கிணற்று நீர் வாய்க்காலால் வந்து பாத்திகளில் பரவுவது போலத்தான். சுகதேகியின் வாயினாளத்தில் அமுக்கம் மிகக் குறைவு. உண்ட பிறகு குருதி கூடி வந்தாலும் அது பெரிதாக ஏறுவதில்லை.

ஏறாமல் காப்பவற்றில் முக்கியமானது ஒரு வாயு: நைத்திரிக் ஒட்சைட்டு. குடாக்களின் உட்சுவரிலுள்ள அகவணிக் கலங்கள் ஆர்ஜினின் என்ற அமினோ அமிலத்திலிருந்து அதை உண்டாக்குகின்றன. குருதி வேகமாக உரசிப் பாய்ந்தால் கூடுதலாகச் சுரக்கும். அது பக்கத்தில் சுற்றிப் பிடித்திருக்கும் நட்சத்திரக் கலங்களைத் தளர்த்தும், குழாய் விரியும். சில செக்கன்களில் வாயு அழிந்துவிடும். ஆகவே உண்டான இடத்துக்கு அருகில் மட்டுமே அதற்கு வேலை. குருதிக்குழாயின் உட்சுவரே குழாயைத் தளர்த்தும் ஒன்றைச் சுரக்கிறது என்று 1980-இல் காட்டியவர் ரொபேட் பேர்ச்கொட். அது இந்த வாயுதான் என்பது பிறகு தெரியவந்தது. 1998-இல் அவருக்கும் லூயி இக்னாரோ, பெரிட் முராட் ஆகியோருக்கும் நோபல் பரிசு கிடைத்தது.

சிரோசிஸில் நடப்பது விசித்திரமானது. தழும்பு விழுந்த ஈரலுக்குள் அகவணிக் கலங்கள் சோர்ந்துபோய், வாயு குறைகிறது. நட்சத்திரக் கலங்கள் இறுகிப் பிடிக்கின்றன. பாத்தியின் வாய் அடைபடுகிறது. வாயினாளத்தில் அமுக்கம் ஏறுகிறது. அதேவேளை குடற்பக்கத்து நாடிகளில் இதே வாயு அளவுக்கு மிஞ்சிச் சுரக்கிறது. அவை விரிந்து, இன்னும் அதிகமான குருதியை வாயினாளத்துக்குள் தள்ளுகின்றன. கீழே பாத்தி அடைபட்டிருக்க, மேலே பம்பைக் கூட்டிவிட்ட கதைதான். தண்ணீர் பலவீனமான வரம்பை உடைக்கும். உடம்பில் அந்த வரம்பு, களத்தின் அடியிலுள்ள மெல்லிய நாளங்கள்.

“அப்ப நெஞ்சுநோக்காரர் நாக்குக்குக் கீழ வைக்கிற குளிசையைக் குடுத்தா என்ன?” என்று மகன் கேட்டான். நல்ல கேள்வி. அந்தக் குளிசையும் நைத்திரிக் ஒட்சைட்டைத்தான் கொடுக்கிறது. ஆனால் ஈரலுக்கு மட்டுமல்ல, உடம்பு முழுவதற்கும் கொடுக்கிறது. ஏற்கெனவே விரிந்த குழாய்கள் மேலும் விரிய, இரத்த அமுக்கம் விழும். சிறுநீரகம் உப்பையும் நீரையும் தேக்கிக்கொள்ளும். ஆகவே பிரச்சினை வாயு கூடியதோ குறைந்ததோ மட்டும் அல்ல, எந்த இடத்தில் என்பதுதான். அதனால்தான் வைத்தியர்கள் புரொப்பிரனலோல் போன்ற மருந்தைக் கொடுக்கிறார்கள். அது இதயத்தின் வேகத்தைக் குறைத்து, குடற்பக்கத்து நாடிகளை ஒடுக்கி, பம்பைத் தணிக்கிறது. வைத்தியரைக் கேளாமல் அதை நிறுத்தக்கூடாது.

இந்த நோய் குடியால் மட்டும் வருவதில்லை. ஹெப்பற்றைற்றிஸ் வைரசுகளாலும் வரும். ஈரலில் கொழுப்புப் படிவதாலும் வரும். சீனி வருத்தமும் உடற்பருமனும் உள்ளவர்களுக்குக் கொழுப்பு ஈரல் சாதாரணம். ராகமையில் 2007-இல் 35 முதல் 64 வயது வரையானவர்களிடம் நடத்திய ஆய்வில், குடியோடு தொடர்பில்லாத கொழுப்பு ஈரல் ஏறத்தாழ மூன்றில் ஒருவருக்கு இருந்தது. எல்லாருக்கும் அது சிரோசிஸாக மாறுவதில்லை. மாறும் சிலருக்கு, இரத்தம் வரும்வரை ஒன்றும் தெரியாமலே இருக்கலாம். சாச்சாவுக்கு இருபது வருஷமாகச் சீனி இருந்தது. தெருவில் கதைத்தவர்களில் எத்தனையோ பேருக்கும் இருக்கிறது. அவர்கள் ஒருதரம் ஈரலை ஸ்கான் பண்ணிப் பார்ப்பது நல்லது.

இதையெல்லாம் ஒரு கடுதாசியில் வாய்க்காலும் பாத்தியுமாகக் கீறிக் காட்டியபோது, சாச்சா நீண்ட நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். “இதைப் பள்ளியில தொங்கவிடேலாதா, மகன்?” என்று கேட்டார். அடுத்த கிழமை கிளினிக்குப் போனார். இப்போது கிளினிக் கொப்பியை மறைத்து வைப்பதில்லை.